திறந்து பார்க்காத சட்டி

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் சித்தி இருக்கிறார். சித்தப்பா காலமான பிறகு மூன்று வருடம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போய்ப் பார்த்தேன். கண்டியில் பஸ் ஏறுமுன் ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி, ஒரு கேக், இரண்டு போத்தல் சோடா வாங்கிக்கொள்வேன். என்னைக் கண்டதும் சித்தி பக்கத்து வீட்டில் முட்டை கடன் வாங்கிப் பொரித்து, சோறும் பருப்பும் ஆக்கிப் போடுவார். சாப்பிட்டுவிட்டு, "உடம்பு எப்படி சித்தி?" என்பேன். "இருக்கேன் தம்பி" என்பார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழும்பிவிடுவேன்.

நாலாவது வருடம் ஒரு புதன்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். சித்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. மூடியிருந்த சட்டியைத் திறந்தேன். கல்லாய் இறுகிய ரொட்டி பாதி இருந்தது. பக்கத்துக் கோப்பையில் ஆறிப்போன சாயத்தண்ணி. அடியில் கரையாத சீனி. தீபாவளிக்கு நான் கொண்டுபோன பிஸ்கட் பெட்டியில் கடைசி வரிசை மட்டும் மிச்சம்.

"சோறு எறங்க மாட்டேங்குது தம்பி. பிஸ்கட்ட தேத்தண்ணியில நனைச்சா எறங்குது" என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவருக்குக் கணக்கு இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். வேலைப் பெரட்டுக்கும் சரியா போறதில்ல. போனாலும் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்."

நான் இருபத்தேழு வருடம் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்தவன். கரும்பலகையில் உணவுக் கூம்பகம் வரைந்து வரைந்து கை தேய்ந்தவன். என் சித்தியின் சட்டியைத் திறந்து பார்க்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. அதுவும் தற்செயலாக. எனக்கு விருந்து வைத்தபோது அவர் காட்டிய முகத்தையே அவருடைய முகம் என்று நம்பியிருந்தேன்.

இதை என் ஒருவனுடைய குற்றமாக மட்டும் எழுதிவிட்டால் சுலபம். ஆனால் கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் வீடு கட்டிக்கொண்டு, லயத்தில் ஒரு தாயையோ சித்தியையோ மாமாவையோ விட்டுவிட்டு வந்த நம்மில் எத்தனை பேர் இந்தச் சட்டியைத் திறந்திருக்கிறோம்? படித்தவர்கள் என்றும் சமூகத்துக்கு உழைப்பவர்கள் என்றும் சொல்லிக்கொள்கிற நாம் கூட்டாகச் செய்த புறக்கணிப்பு இது. அதனால் நாம் என்றே எழுதுகிறேன்.

முதல் குற்றம், காதில் விழுந்ததைக் கேட்காதது. நம் மக்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "ஒண்ணும் புடிக்கல", "நெஞ்சு பாரமா இருக்கு", "நாக்கு செத்துப்போச்சு", "சோறு எறங்கல" என்பார்கள். மனம் நொந்ததை வயிற்றின் மொழியில் சொல்கிற மக்கள் நாம். "சோறு எறங்கல" என்றால் வாய்க்கு ருசியாக ஏதாவது வாங்கிக் கொடுத்தோம். பார்மசியில் ஒரு டொனிக், சிவப்பு நிறத்தில் விட்டமின் குளிசை. அதுவும் சரிவராவிட்டால் கண்ணூறு என்று உப்பு மிளகாய் சுற்றினோம், கயிறு கட்டினோம். மறுபுறம், மனம் சரியில்லை என்று எவராவது வெளிப்படையாகவே சொன்னபோது, அவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. மனத்தை ஒரு பக்கமும் தட்டை ஒரு பக்கமுமாக வைத்தோம்.

அவை இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை என்று உலகம் நிதானமாகக் கண்டுகொண்டு வருகிறது. லண்டனில் அரசாங்க ஊழியர்களைப் பல்லாண்டுகளாகப் பின்தொடரும் வைட்ஹோல் ஆய்வில் 3486 நடுவயதினரின் உணவுப் பழக்கத்தைப் பதிவு செய்து, ஐந்து வருடம் கழித்து அவர்களுடைய மனநிலையைப் பார்த்தார்கள். இனிப்பு, பொரித்த பண்டம், பதப்படுத்திய இறைச்சி, வெள்ளை மா என்று சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகம். காய், பழம், மீன் என்று சாப்பிட்டவர்களிடம் குறைவு. 2009 இல் வெளியான முடிவு அது.

மனம் சோர்ந்தவர்தானே கண்டதைச் சாப்பிடுவார், எது முந்தி எது பிந்தி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடி அவுஸ்திரேலியாவில் பேராசிரியர் பெலிஸ் ஜக்காவின் குழு ஒரு பரிசோதனை செய்து 2017 இல் வெளியிட்டது. நடுத்தரம் முதல் கடுமை வரையான மனச்சோர்வும் மோசமான உணவுப் பழக்கமும் உள்ள 67 பேர். பெரும்பாலானோர் ஏற்கெனவே மருந்தோ ஆலோசனையோ பெற்று வந்தவர்கள். அதை நிறுத்தாமல், ஒரு பாதியினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை: காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், பயறு, மீன், கொட்டை வகை. மறுபாதியினருக்கு அதே அளவு நேரம் பேச்சுத் துணை. முடிவில் உணவு மாறியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 32 வீதத்தினர், நோயிலிருந்து விடுபட்ட நிலைக்கு வந்தார்கள். துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 வீதம்.

சிறிய பரிசோதனைதான். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியும் என்பதால் முடிவை நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கீரை மனநோய் மாத்திரைக்குப் பதிலாகாது. யாரும் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் மருந்தோடு தட்டையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல இது போதும். நாம் வாங்கிக் கொடுத்த குளிசைகளுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் நாலு நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடம் சத்துக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வை அது தடுக்கவில்லை என்று 2019 இல் முடிவு வந்தது. சட்டியில் இல்லாததைக் குளிசையில் அடைத்துக் கொடுக்க முடியவில்லை.

உடம்புக்குள் நடப்பதும் விளங்காத மர்மமல்ல. மூளை தன் இரசாயனங்களைச் செய்துகொள்ள இரும்பு, போலேட், விட்டமின் பி12, புரதம் எல்லாம் வேண்டும். நார்ச்சத்து குறைந்தால் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மாறுகின்றன. உடம்பில் அழற்சி கூடினால் அது மனநிலையையும் தொடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதல்ல. இரத்தச்சோகையில் வரும் அசதி, எதிலும் நாட்டமின்மை, மூச்சு வாங்குதல் எல்லாம் மனச்சோர்வின் சாயலிலேயே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணி, அந்தச் சாப்பாட்டில் உள்ள கொஞ்ச இரும்பையும் உடம்பு உறிஞ்சுவதைக் குறைத்துவிடுகிறது. தேயிலை மலையில் நின்றுகொண்டு இதை நாம் ஒருநாளும் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள் என்று சொல்ல எத்தனை மேடைகள் கிடைத்தன!

இரண்டாவது குற்றம், மோசமான தட்டை அவர்களுடைய பழக்கம் என்று பேசியது. "தோட்டத்து ஆட்கள் ரொட்டியை விடமாட்டார்கள்" என்று நகரத்திலிருந்து சொன்னோம். அந்த ரொட்டி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. 1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோதும், அதற்கும் முன்னால் கோப்பிக் காலத்திலும், மாத்தளைப் பாதையால் நடந்து வந்த நம் முன்னோர் அரிசியைக் கூலியின் ஒரு பகுதியாக வாங்கினார்கள். எதைச் சாப்பிடுவது என்பதைத் துரையும் கங்காணியும் பற்றுப் புத்தகமும் தீர்மானித்தன. பிற்காலத்தில் கோதுமை மா அந்த இடத்துக்கு வந்தது. 1973, 74 இல் பங்கீடு சுருங்கி, தோட்டங்களில் பட்டினியும் இறப்பும் உயர்ந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் ஆகக்கூடியதும், கொழுந்து மலையில் கையில் வைத்துத் தின்னக்கூடியதும், பசியை மத்தியானம் வரை பிடித்து வைப்பதும் அந்த ரொட்டிதான். பழக்கத்தைக் குறை சொன்னோம். அதற்குப் பின்னாலிருந்த நேரத்தையும் கூலியையும் பேசவில்லை.

அவுஸ்திரேலியப் பரிசோதனையில் நல்ல சாப்பாட்டுக்கான வாரச் செலவு, அவர்கள் முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இங்கே அந்தக் கணக்கு சரிவராது. பல வருடம் கேட்டுக் கேட்டு 2021 இல்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவானது. அடுத்த வருடமே நாடு கவிழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அந்த வருடம் லயங்களில் முதலில் போனது முட்டை, பிறகு நெத்தலி, பிறகு பருப்பும் தண்ணியானது. இருப்பதைப் பிள்ளைக்கும் புருஷனுக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிட்டது யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நாம் அன்று காஸ் வரிசையையும் பெற்றோல் வரிசையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் மனம் என்ன ஆனது என்று ஒரு பத்தி எழுதவில்லை.

மூன்றாவது, கண்ணெதிரே கண்டி நகரத்துக்குள் நடப்பது. தோட்டங்களிலிருந்து வந்து நம் துணிக்கடைகளிலும் மொத்தக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிற இளைஞர்களைப் பாருங்கள். காலையில் சூன் பாண் முச்சக்கரவண்டியின் பாட்டுக் கேட்டு வாங்கிய மாலு பணிஸ். மத்தியானம் கிடைத்த இடைவெளியில் இரண்டு ரோல்ஸ், ஒரு சோடா. கடை அடைத்து இரவு பத்து மணிக்குக் கொத்து. பிறகு கடைக்கு மேலே பலகை அறையில் ஐந்தாறு பேரோடு படுக்கை. வாரக் கணக்கில் ஒரு கீரையோ ஒரு பழமோ அந்தப் பிள்ளைகளின் வாயில் படுவதில்லை. ஊருக்குப் போனால் பேசாமல் இருக்கிறான், போனையே பார்க்கிறான், எரிந்து விழுகிறான் என்று தாய் அழுகிறாள். "நகரத்துக்குப் போய்த் திமிர் வந்துவிட்டது" என்று நாம் தீர்ப்புச் சொல்கிறோம். முதலாளிமாராகவும் நம்மில் பலர் இருக்கிறோம். வேலைக்கு நிற்கிற பிள்ளைக்கு ஒரு வேளை சோறும் காயும், உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரமும் கொடுப்பதைச் செலவுக் கணக்கில் போட்டோம்.

நாலாவது குற்றத்தை எழுதக் கை கூசுகிறது. சித்தியை ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, வரிசையில் முன்னால் ஒரு தாய், பன்னிரண்டு வயது மகனோடு. உள்ளே கேட்ட கேள்விகளை அந்தப் பையன் சிங்களத்திலிருந்து தமிழுக்கும், தாய் சொன்னதைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். "சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று தன் தாயிடம் அவன்தான் கேட்க வேண்டியிருந்தது. தாய் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் உண்மைதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. எழும்பிப் போய், "மகன் வெளியே இருக்கட்டும், நான் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மொழியும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்! வாரத்தில் ஒரு காலை அங்கே போய் உட்கார நமக்குத் தோன்றவில்லை. மொழி உரிமைக்குக் கூட்டம் போட்டோம். அந்த உரிமை ஒரு தாய்க்குத் தேவைப்பட்ட கதிரைக்குப் பக்கத்தில் நாம் இல்லை.

ஐந்தாவது, நம் தருமம். திருவிழாவுக்கு அன்னதானம் கொடுக்கிறோம், மனமாரக் கொடுக்கிறோம். ஆனால் அன்னதானம் எழும்பி வரக்கூடியவருக்குத்தான் கிடைக்கிறது. மனம் சோர்ந்தவரின் முதல் இழப்பே எழும்புவது. வராத வீட்டைத் தேடிப் போன தட்டு எத்தனை? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலைகள் சரிந்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்களுக்கு நூடில்ஸ், பிஸ்கட், பால்மா, டின் மீன் என்று லொறியில் கொண்டுபோனோம். முதல் வாரத்துக்கு அது சரி. பிறகும் பிஸ்கட்டாகவே போய்க்கொண்டிருந்தால், என் சித்தி வீட்டுப் பலகையில் இருந்த பெட்டியைத்தான் ஊர் முழுக்க விநியோகிக்கிறோம். இழவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அயலார் சமைத்துக் கொடுப்பது நம் வழக்கம். கருமாதியோடு அதை நிறுத்திக்கொள்கிறோம். சோறு இறங்காத நாட்கள் கருமாதிக்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

இத்தனைக்கும் நம்மைச் சுற்றி என்ன குறை? கண்டிச் சந்தையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கங்குனும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. மரத்தில் பலாவும் ஈரப்பலாவும் காய்த்துக் கொட்டுகின்றன; பலாக்கொட்டை வீணாகப் போகிறது. கௌபியும் பாசிப்பயறும் நெத்தலியும் டின் மீனுக்குச் சளைத்தவை அல்ல. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடையில் கிராமத்துப் பெண்கள் இலைக்கஞ்சியும் குரக்கன் பண்டமும் செய்து விற்கிறார்கள். நாமும் காரில் போய் வாங்கிச் சாப்பிட்டு, நல்லது என்று சொல்லிவிட்டு வருகிறோம். அதுபோல ஒன்று தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவுக்குப் பக்கத்தில், கொழுந்து நிறுத்து முடிந்து வரும் பெண்ணுக்குச் சூடாகக் கிடைக்க வேண்டும் என்று எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலாவது நாம் எழுதினோமா? லயத்துக்குப் பக்கத்தில் நாலு பாத்தி போடச் சொந்த நிலம் வேண்டும் என்பதை அரசியல் கோரிக்கையாகப் பேசினோம். அது ஒரு பெண்ணின் மனநலக் கோரிக்கையும்தான் என்று நமக்கு உறைக்கவில்லை.

சித்திக்கு மனச்சோர்வும் இரத்தச்சோகையும் இருப்பதாக டாக்டர் சொன்னார். மருந்து தொடங்கியது. ஆனால் மருந்தைக் குடிக்க வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டுமே. அந்த இடத்தில் கை கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. "எங்க வீட்டுல ஒலை வைக்கறப்ப அவங்களுக்கும் ஒரு புடி போட்டுர்றேன் சேர்" என்றார். நான் மாதம் ஒருமுறை பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பயறும் நெத்தலியும் முட்டையும் கொண்டுபோனேன். ஆரம்பத்தில் மூன்று கவளம். பிறகு கொஞ்சம் கூடியது. மூன்றாம் மாதம் போனபோது சித்தி தலை சீவியிருந்தார். ஐந்தாம் மாதம், பலாக்காய்க் கறிக்கு உப்பு போதவில்லை என்று அக்காவிடம் குறை சொன்னார். நாக்கு திரும்பி வந்துவிட்டது என்று அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னபோது, எனக்கு அழுகை வந்தது. குணமாக்கியது மருந்தா, சோறா, அக்காவா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றும் ஒன்றாக வந்தபோது நடந்தது என்று மட்டும் தெரியும்.

உங்களில் எவருக்காவது உயிர் கசந்துபோனால், அல்லது வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், தயவுசெய்து 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது பக்கத்திலிருந்தும் பார்க்காத நாம்தான்.

போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். சட்டியைத் திறந்தேன். காலி. பக்கத்து வீட்டு அக்கா மகளின் பிரசவத்துக்கு ஹற்றனுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. மூலையில் ஒரு புது பிஸ்கட் பக்கற் பிரித்துக் கிடந்தது. சித்தியை ஒரு மனுஷியின் கையில் தொங்கவிட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று நாம் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

விறகை அடுக்கினேன். சித்தி எழும்பி வந்து, "நீ தள்ளு தம்பி, ஒனக்கு ஊதத் தெரியாது" என்று ஊதுகுழலை வாங்கிக்கொண்டார். கீரை ஆய்ந்தபடி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், முந்தாநாள் என்ன, யாரோடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் "இருக்கேன் தம்பி" என்றுதான் சொன்னார். நான் மறுபடி கேட்டேன். உலை கொதித்துச் சோறு வெந்து வரும் நேரத்தில்தான் பேசத் தொடங்கினார்.

அன்று கடைசி பஸ்ஸுக்கு நான் எழும்பவில்லை.